அரச காணி வேறு, பொதுக் காணி வேறு: கொழும்பில் நகரத்தின் பொதுவளம் கைமாறும் விதம்

கேள்வி: பொதுவளம் பற்றிய கோட்பாடுகள் குளம், காடு, மேய்ச்சல் தரை என்று கிராமத்தையே சுற்றி வருகின்றன. ஒவ்வொரு பேர்ச் நிலமும் வெளிநாட்டு முதலீட்டுக்கு விலை பேசப்படும் கொழும்பில் "பொது" என்று எதைச் சொல்வது? அதைக் காப்பாற்ற நடைமுறையில் வழி ஏதும் உண்டா?

பதில்:

கொழும்பில் பொது நிறையவே இருக்கிறது. தோட்டம் என்று கொழும்பில் சொல்லும் நெருக்கமான சிறுவீட்டுக் குடியிருப்புகளின் பொதுப் பைப்படி, புறக்கோட்டை நடைபாதை, காலிமுகத்திடல், மழைத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும் சதுப்பு நிலம், மாடிக் குடியிருப்பின் லிப்ட் எல்லாமே அதில் அடங்கும். இவற்றைப் பாவிக்கிற சனத்திடம் இவை தங்களுக்கும் உரியவை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்பதுதான் சிக்கல். நமது சட்டத்தில் காணி தனியாருடையதாக இருக்கும், அல்லது அரசுடையதாக இருக்கும். அரசின் பெயரில் இருப்பதை அரசு தன் சொந்தச் சொத்தாகவே நடத்துகிறது; குத்தகைக்குக் கொடுக்கிறது, முதலீட்டாளரோடு ஒப்பந்தம் போடுகிறது. கைமாற்றம் நடப்பது அங்கேதான்.

கோட்பாட்டில் வழமையாக வரும் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். 1968இல் கரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர், பொது மேய்ச்சல் தரையில் ஆளுக்கொரு மாட்டைக் கூடுதலாக விட்டுவிட்டுக் கடைசியில் தரையே அழிந்துபோகும் என்று வாதிட்டார். தனியாருக்குக் கொடு, அல்லது அரசே கட்டுப்படுத்தட்டும் என்பதுதான் அதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட முடிவு. எலினோர் ஒஸ்ட்ரொம் என்ற அமெரிக்க அரசறிவியலாளர் 1990இல் இதை உடைத்தார். ஜப்பான், சுவிற்சர்லாந்து, ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் என்று பல இடங்களில் நூற்றாண்டுக் கணக்கில் சனமே நடத்திவந்த பொதுவளங்களை ஆராய்ந்து, அவை நிலைத்ததற்கு எட்டு அடிப்படை விதிகள் காரணம் என்று காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. தான் சொன்னது நிர்வாகமே இல்லாத பொதுவளத்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்று ஹார்டினும் பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். அந்தத் திருத்தம் நமது நகரத் திட்டமிடல் அலுவலகங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அந்த விதிகளைத் தெமட்டகொடையிலோ கிராண்ட்பாஸிலோ உள்ள ஒரு தோட்டத்துப் பைப்படியில் வைத்துப் பார்க்கலாம். எந்த வீடுகளுக்கு அந்தப் பைப் என்பது எல்லாருக்கும் தெரியும், அது எல்லை. காலையில் குடிதண்ணீருக்குத்தான் முதலிடம், உடுப்புத் தோய்ப்பது பிறகு, செத்தவீடு என்றால் அந்த வீட்டு வாளிதான் முன்னுக்கு. இது இடத்துக்கேற்ற ஒழுங்கு. வரிசையில் நிற்பவர்களே காவல். மீறினால் முதலில் ஒரு பார்வை, பிறகு ஒரு சொல், அதற்கும் அடங்காவிட்டால் தோட்டத்தில் மரியாதைக்குரிய ஒரு அம்மாவின் வாய். தண்டனை படிப்படியாக ஏறுகிறது. பிணக்கைத் தீர்க்கப் பொலிசுக்குப் போகத் தேவையில்லை. ஒஸ்ட்ரொமின் பட்டியலில் பெரும்பாலானவை எழுதப்படாமலே அங்கே நடக்கின்றன. நடக்காதது ஏழாவது விதி: சனம் தானே ஒழுங்கு செய்துகொள்ளும் உரிமையை அரசு ஒத்துக்கொள்வது. கொழும்பின் கதை முழுக்க அந்த ஏழாவது விதியின் ஏற்ற இறக்கம் என்றே நான் வாசிக்கிறேன்.

அதன் வேர் ஆழமானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணி என்று ஊகித்தது. ஊர்ப் பொதுவாக இருந்தது ஒரே எழுத்தில் முடியின் சொத்தாகி, பிறகு கோப்பித் தோட்டக்காரர் கைக்குப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு சில நல்ல திருப்பங்களும் வந்தன. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீடமைப்பு ஆதன உச்சவரம்புச் சட்டம், மேலதிக வாடகை வீடுகளை உரிமையாளரிடமிருந்து எடுத்துக் குடியிருப்பாளர் பக்கம் திருப்பியது. 1970களின் கடைசியில் தோட்டங்களில் சமூக அபிவிருத்திச் சபைகள் தொடங்கின. 1984இல் ஆரம்பித்த பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், கொழும்புத் தோட்டவாசிகளே தங்கள் இடத்துக்கான திட்டத்தை உட்கார்ந்து போட்டார்கள். வடிகால், மலசலகூடம், கிணறு போன்ற வேலைகள் "சமூக ஒப்பந்தம்" என்ற பெயரில் வெளிக் கொந்தராத்துக்காரருக்குப் போகாமல் அந்தச் சபைகளுக்கே கொடுக்கப்பட்டன. உலகம் பிற்பாடு "பங்கேற்பு" என்று புகழ்ந்த முறையைக் கொழும்பு அப்போதே செய்து பார்த்துவிட்டது.

2010இல் காற்று திசை மாறியது. நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் படை பாதுகாப்போடு இடிக்கப்பட்டன. அதிகாரசபையின் கணக்குப்படி கொழும்பில் இப்படியான 1,499 குடியிருப்புத் தொகுதிகளில் 68,812 குடும்பங்கள் இருந்தன. அவர்கள் இருந்தது சுமார் 900 ஏக்கர், அதாவது நகரத்தின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நிலம். நகரத்தின் பாதிச் சனம் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் நெருங்கிக் கிடந்தது என்றுதான் இதை நான் படிப்பேன். அதிகாரசபையோ அதே கணக்கைப் பெறுமதியான நிலம் வீணாகக் கிடக்கிறது என்று படித்தது. சனத்தை அடுக்குமாடிக்கு ஏற்றிவிட்டு மிஞ்சும் நிலத்தை முதலீட்டுக்குத் திறப்பது திட்டம். முன்மாதிரி பழையது: 2001இல் பொரளைப் பக்கம் எழுந்த சஹஸ்புர, 671 வீடுகள்.

உலகமயமாதல் இங்கேதான் வந்து சேர்கிறது. கொம்பனித்தெரு நிலத்துக்கு விலை வந்தது எப்படி? பேரை ஏரிக் கரை, கோட்டைக்கு நடை தூரம், மலே, சோனக, தமிழ், சிங்களச் சனம் நூறு வருடத்துக்கு மேலாக உண்டாக்கிய கடைத் தெரு, சாப்பாட்டுக் கடை, பள்ளிவாசல், கோவில் எல்லாம் சேர்ந்துதான் அந்த இடத்தை ஓர் "இடம்" ஆக்கின. டேவிட் ஹார்வி, மைக்கேல் ஹார்ட், அந்தோனியோ நெக்ரி போன்ற இடதுசாரிச் சிந்தனையாளர்கள் வலியுறுத்துவது இதைத்தான்: நகரத்தின் பெறுமதியை உண்டாக்குவது எல்லாருடைய அன்றாட வாழ்வு, அதை வாடகையாக வசூலிப்பது நிலத்தை வைத்திருப்பவர். முன்பு கொழும்பு நிலத்துக்குக் கொழும்பு வாடகையே அளவுகோல். இப்போது சிங்கப்பூரிலும் டுபாயிலும் உள்ள முதலீட்டோடு அதே பேர்ச் ஒப்பிடப்படுகிறது. அந்த அளவுகோலில் ஒரு இடியப்பக் கடையோ பைப்படியோ எந்நாளும் தோற்கும்.

மாடிக்குப் போன பிறகு நடப்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் "நல்ல வீடு கொடுத்தார்களே" என்ற பேச்சு அங்கேதான் நிற்கிறது. வீடு பெரும்பாலும் 400 முதல் 500 சதுர அடி. தோட்டத்தில் ஒரு கூரையின் கீழ் மூன்று குடும்பம் இருந்தாலும், பலருக்கு ஒரு கதவுக்கு ஒரு வீடு என்ற கணக்கே கிடைத்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் ரூபாவை 20, 30 வருடத் தவணையாகக் கட்டச் சொன்னார்கள், ஏற்கெனவே உறுதியோடு வீடு வைத்திருந்த சிலரையும் சேர்த்து. தோட்டத்தில் பொதுப் பைப்புக்கு வீட்டுக்கு வீடு பில் வராது. இங்கே தண்ணீர், கரண்ட், தவணை, பராமரிப்பு என்று மாதம் நாலு காகிதம். நாள் கூலிக்காரருக்கு மாதப் பில் என்பதே ஒரு பொறி: காசு நாளாந்தம் வருகிறது, பில் மாதக் கடைசியில் ஒன்றாக விழுகிறது.

வருமானமும் தரையோடு போய்விடுகிறது. வாசலில் அப்பச் சட்டி வைத்தவர் எட்டாம் மாடியில் யாருக்கு விற்பது? முச்சக்கரவண்டியை இரவில் எங்கே விடுவது? சீட்டுப் பிடித்த அக்கா நாலாம் புளொக்குக்குப் போய்விட்டால் சீட்டுக் கலைகிறது. கொப்பியில் கடன் எழுதிய கடை இல்லாமல் போகிறது. 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. தரையில் இருந்தவர்கள் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டினார்கள். மாடியில் அதற்கு வழியில்லை. வெளிநாட்டுக் கடனை நாடு கட்ட முடியாமல் போனதன் சூடு, ஒரே நகரத்தில் தரைக்கும் மாடிக்கும் இப்படி வேறு வேறாக இறங்கியது. இதற்கிடையில் மெத்சர உயன, சிறிசர உயன, ரந்திய உயன என்று சிங்களத்திலேயே பெயர் வைத்த புதுத் தொடர்களின் பெயர்ப் பலகையைப் பார்த்தால், அங்கே குடியேறிய தமிழரும் முஸ்லிம்களும் எத்தனை பேர் என்பது எவருக்கும் புலப்படாது.

சந்தைக்கும் இதே கதிதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புறக்கோட்டையின் மொத்த மரக்கறிச் சந்தையான மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்குப் போனது. சரக்கு வண்டிக்கு அது வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிகளின் முறை, யார் எந்த லொறியைத் தொடலாம் என்ற ஒழுங்கு, தேத்தண்ணிக் கடைக் கணக்கு ஆகியவை கட்டடத்தோடு சேர்த்து ஏற்றிப்போகக் கூடியவை அல்ல. 2014இல் பஸ்தியன் மாவத்தையில் நடைபாதை வியாபாரிகளுக்கென்று அமைத்த மிதக்கும் சந்தை ஆளில்லாமல் வாடியதற்கும் காரணம் கடையின் தரம் அல்ல. நடைபாதை வியாபாரம் போகிற வருகிற காலை நம்பியது. சனம் போகாத பக்கத்தில் பளபளப்பான கடை கட்டிக் கொடுத்தால் வாடகைதான் மிஞ்சும்.

துறைமுக நகரம் இதன் நேரெதிர்: கடலை நிரப்பி இல்லாத நிலத்தை உண்டாக்கினார்கள், ஆகவே எவரும் வெளியேற்றப்படவில்லை என்பார்கள். 2014 செப்டெம்பரில் தொடங்கிய திட்டம், 269 ஹெக்டெயர். அதில் 116 ஹெக்டெயர் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகை, 62 அரசுக்கு, 91 பொது இடத்துக்கு. ஆனால் மணல் சும்மா வரவில்லை. கோடிக்கணக்கான கன மீற்றர் கடல் மணல் நீர்கொழும்புப் பக்கக் கடலிலிருந்து தோண்டப்பட்டது. கடலடி மீனவரின் பொதுவளம், அதற்கும் உறுதி கிடையாது. 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அந்த நிலத்தின் ஆட்சியை ஜனாதிபதி நியமிக்கும் ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. 91 ஹெக்டெயரில் நீங்கள் காற்று வாங்கலாம். அதன் ஒழுங்கை யார் வைப்பது என்பதில் உங்கள் மாநகர சபை வாக்குக்கு வேலை இல்லை. பொது இடம் என்பதற்கும் பொதுவளம் என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

காலிமுகத்திடல் அந்த வித்தியாசத்தை இன்னும் நெருங்கிக் காட்டும். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859இல் நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காகப் பின்வருவோர் இதைக் காக்கட்டும் என்று கல்லில் பொறித்து வைத்தார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, நகர அபிவிருத்தி அதிகாரசபை திடலின் நிர்வாகத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தத்தைக் காட்டு என்று கேட்ட சுற்றாடல் அமைப்புக்குக் காட்ட மறுத்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததோடு, தகவல் கேட்பது பேச்சுச் சுதந்திரத்தின் பகுதி என்றும் ஏற்றது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்குப் பதினொரு வருடங்களுக்கு முன்பு, ஒரு புல்தரைக்காக வந்த தீர்ப்பு அது.

2022 ஏப்ரல் 9இலிருந்து அதே திடலில், ஜனாதிபதி கோட்டாபய பதவி விலக வேண்டும் என்று கேட்டு எழுந்த கோட்டாகோகம போராட்டக் களம், பொதுவளம் நகரத்தில் உண்டாக்கப்படுவதும்தான் என்பதற்கு நல்ல சான்று. சமையல், நூலகம், வைத்தியக் கூடாரம், குப்பை சேகரிப்பு எல்லாம் சில நாட்களில் ஒழுங்காகின. யார் பேசலாம், எந்தக் கொடி வரலாம் என்ற சண்டைகளும் கூடவே நடந்தன, அவை இயல்பானவை. யூலையில் இராணுவம் அகற்றத் தொடங்கியது. மறு ஆண்டே திடலை ஓய்வுக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்று அமைச்சரவை முடிவெடுத்தது. திடல் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. அந்த முடிவோடு அதை எதற்குப் பாவிக்கலாம் என்ற உரிமை சுருங்கியது.

நகரத்துக்கான உரிமை என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஹென்றி லெபெவ்ர் 1968இல் சொன்னதைத் தமிழர் நாங்கள் இன்னும் அடிமட்டத்தில் படித்தவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஒஸ்ட்ரொமின் முதல் விதி, யார் உள்ளே யார் வெளியே என்ற எல்லை. அந்த எல்லையைச் சமூகம் வரைந்தால் அது ஒழுங்கு. பொலிஸ் பதிவுப் படிவம் வரைந்தால் வேறு. பொதுவளம் பற்றி எழுதுகிற பல ஐரோப்பியர் இந்த இடத்தைத் தாண்டியே போய்விடுகிறார்கள்.

இனி நடைமுறை. உங்கள் தோட்டத்துக்கோ தெருவுக்கோ காகிதம் வந்தால் முதலில் அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று பாருங்கள். வழி அதைப் பொறுத்துப் பிரிகிறது.

உறுதி உள்ள காணி என்றால் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம். 2ஆம் பிரிவு அறிவித்தல், நிலம் பொருத்தமா என்று பார்க்க அளவையாளர் உள்ளே வருவதற்கு. 4ஆம் பிரிவு அறிவித்தல்தான் ஆட்சேபிக்கும் இடம். எழுத்தில், அறிவித்தலில் சொன்ன நாளுக்குள். 5ஆம் பிரிவில் எடுக்கும் முடிவு வெளியாகும், 7ஆம் பிரிவில் உங்கள் உரித்தையும் நட்டஈட்டையும் கோர வேண்டும், 9இல் விசாரணை, 17இல் தீர்வு. சறுக்குவது 38ஆம் பிரிவின் (அ) விதிவிலக்கில்: "அவசரம்" என்று சொல்லி, ஆட்சேபணை கேட்பதற்கு முன்பே உடைமையை எடுத்துவிடலாம். கொழும்பில் அவசரம் என்ற சொல் தாராளமாகவே புழங்குகிறது. 2ஆம் பிரிவு அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். சிங்களத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். எடுத்த காணியைப் பொது நோக்கத்துக்குப் பாவிக்காமல், நட்டஈடும் கொடுக்காமல் வைத்திருந்தால் 39அ பிரிவில் திருப்பிக் கேட்க வழி உண்டு.

அரச காணியில் இருப்பவர்களுக்கு வருவது வேறு: 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி உடைமை மீட்புச் சட்டத்தின் வெளியேற்ற அறிவித்தல். குறைந்தது 30 நாள் தவணை. நீதவான் முன்னால் உங்களுக்கு ஒரே எதிர்வாதம்தான், அரசின் செல்லுபடியான அனுமதிப் பத்திரம் அல்லது வேறு எழுத்து அதிகாரம். ஐம்பது வருடமாக இருக்கிறோம் என்பது அங்கே எடுபடாது. ஆகவே விஷயம் நீதவானிடம் போவதற்கு முன்பே போராட வேண்டும்: மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யக் கேட்கும் எழுத்தாணை மனு, அல்லது மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அந்த ஒரு மாதம் கூட்டம் போடுவதிலேயே கரைந்துவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. பத்தரமுல்லை வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கின் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சட்டத்தரணியிடம் நினைவுபடுத்துங்கள். பொது நோக்கத்துக்கென்று எடுத்த தாழ்நிலம் கோல்ப் மைதானமானதற்கு, அரசு பொதுச் சொத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளரே தவிர உரிமையாளர் அல்ல என்று சொல்லி, முன்னாள் ஜனாதிபதிக்கே 30 இலட்சம் ரூபா செலுத்தக் கட்டளையிட்டது. நமது சட்டத்தில் பொதுவளத்துக்கு மிகக் கிட்டவான வார்த்தை இந்த "பொது நம்பிக்கைப் பொறுப்பு"தான்.

எந்தப் பக்கம் போனாலும் முன்கூட்டியே செய்ய வேண்டியது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "எங்கள் தோட்டத்துக்கு என்ன திட்டம்" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வரும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: நில அளவைப் படம், குடும்பக் கணக்கெடுப்புப் பட்டியல், அமைச்சரவைத் தீர்மானத்தின் பிரதி, முதலீட்டாளரோடு செய்த குத்தகை உடன்படிக்கை, வீடு ஒதுக்கும் அளவுகோல். இதோடு வீடு வீடாக வாக்காளர் இடாப்புப் பிரதி, பழைய கணக்கெடுப்பு அட்டை, கரண்ட் பில் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். ஒரு கதவுக்குள் எத்தனை குடும்பம் என்பது கணக்கெடுப்பு நாளன்று எழுதப்படாவிட்டால் பிறகு சேர்ப்பது வெகு கடினம்.

ஏற்கெனவே மாடியில் இருப்பவர்களும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் காசு கொடுத்து பிளட் வாங்கியவர்களும் பார்க்க வேண்டியது கூட்டாதனப் படம். படிக்கட்டு, லிப்ட், மொட்டைமாடி, தண்ணீர்த் தாங்கி, வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றில் எது எல்லாருக்கும் பொதுவான கூறு, எது ஒரு வீட்டோடு சேர்த்துக் கொடுத்த துணைப் பகுதி என்பது அதில் இருக்கிறது. விற்பனைத் துண்டுப் பிரசுரத்தில் இருப்பது செல்லாது. மொட்டைமாடி கட்டியவரின் பெயரில் துணைப் பகுதியாகப் பதிவாகியிருந்தால், நாளை அங்கே தொலைபேசிக் கோபுரம் வந்தாலும் வாடகை அவருக்கே. வாங்குவதற்கு முன் காணிப் பதிவகத்தில் படத்தின் பிரதியை எடுத்துப் பாருங்கள். பொதுக் கூறுகளை நடத்துவது வீட்டு உரிமையாளர் எல்லாரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். அது இயங்காவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கு முறையிடலாம். அரச மாடித் தொடர்களில் உறுதி கைக்கு வரும்வரை குடியிருப்பவர் சட்டப்படி உரிமையாளர் அல்ல, ஆகவே லிப்ட் காசு எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையும் தொங்கலில் நிற்கிறது. அங்கே குடியிருப்போர் சங்கம் முதலில் எழுத்தில் கேட்க வேண்டியவை இரண்டு: உறுதி எப்போது, இதுவரை சேர்ந்த பராமரிப்புப் பணத்தின் வங்கிக் கணக்கு யார் பெயரில்.